கீறல் விழாத பலகை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் இராஜாக்கமங்கலத்தில் ஒரு தோப்பு முதலாளியிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் தங்கை கல்யாணத்துக்கு அவர் அந்தக் காரை ஒருநாள் தந்தார். தராமலே இருந்திருக்கலாம். மாப்பிள்ளை மாட்டுவண்டியில் வந்திருந்தால் என் தங்கையும் நாலு பிள்ளைக்குத் தாயாகியிருப்பாள்.

தாழக்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை நான்தான் ஏற்றி வந்தேன். மாப்பிள்ளையின் அத்தை முன்சீட்டில் என் பக்கத்தில் இருந்தாள். தாலி வைத்த வெள்ளிச் சிமிழ் அவள் மடியில். கார் குலுங்கியதில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "இதுக்குள்ள வையுங்க அத்த, பத்திரமா இருக்கும்" என்று டாஷ்போர்டில் இருந்த சின்ன அறையைக் காட்டிக்கொடுத்தவன் நான். அந்த அறையின் பின்பக்கம் வெறும் அட்டை. கடல் ஈரத்தில் அது இற்றுப்போயிருந்தது எனக்குத் தெரியாது. தினமும் துடைக்கிற காரில் அதுகூடத் தெரியாத நான் என்ன டிரைவர், மண்ணாங்கட்டி.

எங்கள் வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் அறைக்குள் கைவிட்டுத் துழாவினாள். சிமிழ் இல்லை. அட்டையைக் கிழித்துக்கொண்டு மீட்டர்களுக்குப் பின்னால் விழுந்திருந்தது. ஓட்டைக்குள் நான் விரலை விட்டேன். விரல்நுனியில் பட்டது, பட்டதும் இன்னும் உள்ளே போய்விட்டது. அடிவழியாக எடுக்கலாமென்றால் வயர்க் கும்பல், கை நுழையாது. டாஷ்போர்டின் முன்பலகையைக் கழற்றித்தான் ஆகவேண்டும். முகூர்த்தம் முடிய அரைமணி நேரம் இருந்தது. ஆனியில் அதுதான் கடைசி முகூர்த்தம், விட்டால் ஆடி.

மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனுஷன், சும்மா சொல்லக் கூடாது. "மஞ்சத் துண்டக் கெட்டி முடிச்சிருவோம் வே. பொன்ன பொறவு கோத்துக்கிடலாம்" என்றார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் திருப்பினால் திருப்பிவிட்டுப் போகட்டும், நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும். எனக்குத் திமிர்.

"வேண்டாம் மாமா. கால்மணி நேரம் தாருங்க. பலவைல ஒரு கீறல் விழாம எடுத்துத் தாறேன்."

வேலை தெரியாதவன் இல்லை நான். அந்தப் பலகையின் முகத்தில் ஒட்டியிருந்தது காகிதக் கனத்துக்குச் சீவிய பாலிஷ் மரம். இரும்பை விட்டு நெம்பினால் ஓரம் பெயர்ந்துவிடும். முதலில் சுவிட்சுக் குமிழ்களை எடுக்க வேண்டும், அப்புறம் திருகாணிகளை, கடைசியில் மூங்கில் சீவலில் துணி சுற்றி ஓரத்தில் கொடுத்துப் பைய நெம்ப வேண்டும். ஆறு திருகாணி. நாலு சொன்னபடி கேட்டன. இரண்டு உப்புக்காற்றில் துருவேறிச் செத்துக் கிடந்தன. அவசரப்பட்டால் திருப்புளி வழுக்கிப் பலகையைக் கிழித்துவிடும். மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். தங்கை மணையில் உட்கார்ந்திருக்க, நான் துருவில் எண்ணெய் ஊறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சித்தப்பா தேங்காய் வெட்டும் கத்தியோடு ஓடிவந்தார். "தள்ளுலே, ஒடச்சு எடுப்போம். நேரம் போவுது."

நான் அவர் கையைப் பிடித்துத் தள்ளினேன். "மொதலாளி என்னக் கொன்னுருவாரு. ஒரு ஆணிதான் இருக்கு."

முதலாளி கொல்லமாட்டார். மிஞ்சிப்போனால் வேலை போயிருக்கும். வேலைக்குப் பயந்தேன் என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. அவ்வளவு பதமாகச் செய்துகொண்டிருந்த வேலையில் இன்னொருத்தன் கத்தியை வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பலகை முழுசாக வந்தது. சிமிழை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் ஓடினேன். புரோகிதர் எழுந்து நின்றிருந்தார். முகூர்த்தம் தாண்டிவிட்டது.

"தாலியும் தவறி, நேரமும் தப்பியாச்சு. இது நமக்குக் கொள்ளாது. எந்திரி மக்கா" என்று அத்தை மாப்பிள்ளையை எழுப்பினாள். அவன் எழுந்துவிட்டான். நல்ல மனுஷன் என்று சொன்னேனே, அவரும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். எங்கள் ஆட்கள் காலில் விழாத குறை. ஒன்றும் நடக்கவில்லை.

அதோடு விட்டதா? அவர்கள் வந்தது என் காரில். போவதும் அதில்தான். பலகையைத் திரும்ப மாட்டி, அவர்களை ஏற்றிக்கொண்டு தாழக்குடி வரை ஓட்டினேன். அத்தை சிமிழை இரண்டு கையாலும் மடியில் பொத்தி வைத்திருந்தாள். ஆவணியில் அதே தாலியை வேறொருத்தி கழுத்தில் கட்டினார்கள்.

நான் திரும்பி வந்தபோது தங்கை கூறைப்புடவைகூட மாற்றியிருக்கவில்லை. எனக்கு இலை போட்டு, சோறு வைத்து, பருப்பு ஊற்றினாள்.

"அந்தப் பலவைய ஒடச்சிருக்கலாமே அண்ணே" என்றாள்.

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் குனிந்து பருப்பைச் சோற்றில் பிசைய ஆரம்பித்தேன்.

தாலி தவறிய பெண் என்று ஊரில் பேராகிவிட்டது. அப்புறம் யாரும் கேட்டு வரவில்லை. என் வீட்டிலேயே இருந்து, என் பிள்ளைகளை வளர்த்து, இந்தக் கையால் கொள்ளி வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். அந்த வார்த்தையை அவள் மறுபடி எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால், உன்னைவிட அந்தப் பலகையைப் பெரிதாக நினைத்துவிட்டேன் என்று ஒருநாளாவது அவளிடம் சொல்லி அழுதிருப்பேன்.