குன்னூர் மிஷின் போடும் சத்தம்

தூசி உறிஞ்சும் மிஷினுக்குள் ஒரு துணிப் பை இருக்கும் என்பதே மாசாணண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சூலூரில் அந்த லைன் வீட்டுக்கு நான் குடிவந்த புதிது, தொண்ணூற்று மூன்றாம் வருடம். பக்கத்து வீட்டுக்காரரான அவர் ஒருநாள் கிழிந்துபோன பழுப்புப் பை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் நின்றார்.

"ஏனுங் அம்மணி, இதே அளவுல ஒண்ணு தெச்சுக் குடுப்பீங்களா?"

நான் டெய்லர். ஜாக்கெட், பாவாடை, ஸ்கூல் யூனிபாரம் தைக்கிறவள். அது தலையணை உறையா, காபி வடிகட்டியா என்று கேட்டேன். அவர் சிரித்தபடி என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொன்னார். உள்ளே சக்கரம் வைத்த பீப்பாய் போல ஒன்று, நீளக் கைப்பிடியில் பை தொங்கும் ஒன்று, குழாயும் குடமுமாக இன்னும் நாலைந்து கிடந்தன. எல்லாம் பழைய வாக்குவம் கிளீனர்கள். வெள்ளைக்காரர்கள் பங்களாவில் ஓடியவை, மில் மேனேஜர்கள் வீட்டில் ஓடியவை, பிறகு மோட்டார் காயில் கருகி மூலையில் கிடந்து பழைய இரும்புக் கடைக்கு வந்தவை. அவற்றை வாங்கிவந்து பிரித்து, சரிசெய்து, மறுபடி ஓடவைப்பதுதான் இவருடைய பொழுதுபோக்கு.

மாசாணண்ணன் சென்னியப்பன் என்பவருடைய விசைத்தறி ஷெட்டில் பிட்டர். தறி நின்றால் ஓடவைக்கிறவர். அவருடைய அப்பா தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர், மோட்டார் ரூம் வாசலோடு நிறுத்தப்பட்டவர். மகன் எந்த மோட்டாரையும் பிரித்துப்போட்டு மாட்டுகிற ஆளாக வளர்ந்திருந்தார். அதில் அவருக்குப் பெருமை இருந்தது. இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

ரெண்டு அறை வீட்டில் ஒருவர் இப்படிச் சாமான் சேர்த்தால் அக்கம்பக்கம் என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. எங்கள் சீமை ஜனங்கள் அப்படி. முகத்துக்கு நேராக "அருமைங்க" என்பார்கள், தெருமுனை திரும்பிய பிறகு சிரிப்பார்கள். நானும் இதே சீமையில் வெள்ளகோவில்காரிதான் என்றாலும் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "இதெல்லாம் எதுக்குங்ணா?" என்று கேட்டேவிட்டேன்.

"நாள் பூரா ஷெட்டுல பஞ்சுத் தூசி திங்கறனுங்க. அதையத் திங்கறதுக்குன்னே ஒருத்தன் மிஷின் செஞ்சிருக்கறானேன்னு பாத்தா, மனசுக்கு ஒரு சந்தோசமுங்க. வேறொண்ணுமில்லீங்" என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து அவருடைய மிஷின்களுக்கெல்லாம் பை தைக்கிற வேலை எனக்கு வந்தது. காற்று போகவேண்டும், தூசி போகக்கூடாது, அப்படிப்பட்ட நெருக்கமான துணியை அவரே ஷெட்டிலிருந்து கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெள்ளோட்டம். அடுப்புச் சாம்பலை அள்ளித் தரையில் தூவிவிட்டு மிஷினைப் போடுவார். சுத்தம் செய்கிற மிஷினுக்காக வீட்டை அழுக்காக்குகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வெள்ளோட்டம் முடிந்ததும் மிஷின் போர்வைக்குள் போய்விடும். மற்ற நாளெல்லாம் அவர் மனைவி மாரியாத்தக்கா சீமாற்றை வைத்துத்தான் கூட்டவேண்டும். "ஒம்பது மிஷினு வெச்சிருக்கறவரு பொண்டாட்டிக்குக் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சுங்க" என்று அக்கா சிரிப்பார்.

ஒவ்வொரு மிஷினுக்கும் அது வந்த இடத்தை வைத்துத்தான் பெயர். வால்பாறை, கிளப்பு, ஆஸ்டல் பாதர். எல்லாவற்றிலும் அவருக்கு உயிர் குன்னூர். தேயிலை எஸ்டேட் பங்களா ஒன்றில் கிடந்ததை உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருந்த அமீர் ஹம்சா பாய் இவருக்காகவே எடுத்துவைத்துக் கொடுத்தார். பச்சை நிற உடம்பு, பளபளக்கும் மூடி. ஆர்மேச்சரைப் பிரித்து மறுபடி கம்பி சுற்றினார். ஒயரை மாற்றினார். சுவிட்சைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்தே கறுப்புக் கண்ணாடி ஆக்கினார். மோட்டாருக்குள் உரசிக்கொண்டே கரண்டு கொடுக்கும் கார்பன் கட்டை இரண்டு மட்டும் எங்கேயும் அகப்படவில்லை. கடைசியில் வேறு பெரிய மோட்டாரின் கார்பனை அரத்தால் ராவி ராவி அளவுக்குக் கொண்டுவந்து மாட்டினார். இதற்கெல்லாம் ரெண்டு வருடம் ஆயிற்று.

தொண்ணூற்றாறு கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்னூரைப் போட்டார். நானும் நின்றேன்.

இரும்புத் தகட்டில் ஆணியை வைத்து இழுத்தால் எப்படியிருக்கும், அப்படி ஒரு கிறீச். பல் கூசியது. வாசலில் படுத்திருந்த தெருநாய் எழுந்து ஓடியது. எதிர்வீட்டுக் கைக்குழந்தை வீல் என்று கத்தியது. மாசாணண்ணன் தலையை லேசாகச் சாய்த்து, முகமெல்லாம் சிரிப்பாக நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டீங்களா அம்மணி? பூனை நடக்கறாப்புல இருக்குதுங்களா?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "கிறீச்சுங்குதுங்களே ணா" என்றேன்.

"மோட்டாருன்னா ஓடற சத்தம் இருக்கத்தானுங்க செய்யும்" என்று சொல்லிவிட்டுச் சாம்பலை உறிஞ்சப் போய்விட்டார். மிஷினின் அடிச்சத்தம் அவருக்குக் கேட்கிறது, அந்தக் கிறீச் மட்டும் கேட்கவில்லை.

சாயங்காலம் மாரியாத்தக்கா என் வீட்டுக்கு வந்து, தையல் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"உங்குளுக்குத் தெரிஞ்சு போச்சுங்களா அம்மணி?"

அக்காவுக்கு முன்பே தெரிந்திருந்தது. குக்கர் விசில் மாசாணண்ணனுக்குக் கேட்பதில்லை. மகள் மதிவதனியின் கொலுசு கேட்பதில்லை. தறிச் சத்தத்தில் இருபது வருடத்துக்குமேல் நின்றவருக்குக் கீச்சென்று உச்சத்தில் கேட்கும் சத்தமெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. ஆனால் யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணமும் அதே ஷெட்தான். அங்கே யார் பேசினாலும் காதில் விழாது. வாயசைவையும் கையசைவையும் பார்த்தே பேசிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தாலும் அதே பழக்கம். எதிரில் நின்று பேசினால் மாசாணண்ணன் ஒரு சொல்லைத் தவறவிடமாட்டார். அவருக்கே தன் காது போனது தெரியாது.

"தறி கெடப்போகுதுங்கறதக் காதுலதானுங்க கண்டுபுடிக்கோணும். காது போச்சுன்னு ஓனருக்குத் தெரிஞ்சா பாவு நூல் சுத்துன உருளையத் தூக்கற வேலைக்குத் தள்ளிப்போடுவாங்க. இந்த வயசுல பாவு தூக்குனா இடுப்பு நிக்குங்களா? அதைய உடுங்க, இவருக்கே தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் ஷெட்டுப் பக்கம் போகவே மாட்டாருங்க. அவரு அப்படிப்பட்ட ஆளு. உங்க வாயால சொல்லிப்போடாதீங்க கண்ணு."

நான் என்ன செய்ய? அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சொன்னாலும் கெடுதல், சொல்லாவிட்டாலும் கெடுதல். எனக்கு இந்த மாதிரி இக்கட்டே பிடிக்காது. கோபம்தான் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

துணி வாங்கக் கோயமுத்தூர் போன அன்று உக்கடத்தில் இறங்கி அமீர் ஹம்சா பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். "கார்பனு கெட்டியா இருந்தா அப்படித்தானுங்க கத்தும். மெத்துனு ஒரு ஜோடி போட்டா அடங்கிரும். மாத்தறது அஞ்சு நிமிச வேலைங்க. ஆனா எதுக்கு மாத்தோணும்னு கேட்டா என்னங்க சொல்றது?" என்றார். தேடிப் பிடித்து ஒரு ஜோடியைத் தன் அன்பளிப்பு என்று கொடுத்தனுப்பினார். மாசாணண்ணன் அதைக் கண்ணில் ஒற்றாத குறையாக வாங்கிக்கொண்டார். "பாய்க்கு எம்மேல எத்தன பிரியம் பாருங்க. குன்னூருதான் அருமையா ஓடுதே. இது அடுத்த மிஷினுக்கு ஆகட்டுமுங்க" என்று டப்பாவில் போட்டு மூடிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஷெட் ஓனர் சென்னியப்பன் ஒரு நல்ல காரியம் செய்தார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார், அதையும் சொல்லவேண்டும். அவர் சேர்ந்திருந்த சங்கம் காந்திபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய பொருட்கள் கண்காட்சி வைத்தது. கிராமபோன், மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, கடிகாரம். "நம்ம பிட்டருகிட்ட ஒரு சாமான் இருக்குது" என்று அவர் சொல்லப்போக, குன்னூரை மேடையில் ஓட்டிக்காட்ட மாசாணண்ணனுக்கு அழைப்பு வந்துவிட்டது. மனிதர் புது வெள்ளைச் சட்டை எடுத்தார். என்னிடம் புதுப் பை கேட்டார். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதே பேச்சு. அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததே இல்லை.

மாரியாத்தக்காவும் நானும் செய்யமுடிந்தது ஒன்றே ஒன்றுதான். அன்றைக்குக் கரண்ட் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டோம். அவர் மாரியம்மனிடம், நான் மாதாவிடம். அந்த வருடம் தினமும் போன கரண்ட் அது. அன்றைக்குப் பார்த்துப் போகவில்லை.

மண்டபத்தில் நாங்கள் இரண்டு பேரும் நடுவரிசையில் உட்கார்ந்தோம். சென்னியப்பன் முதல் வரிசையில் இருந்தார். மாசாணண்ணன் மேடையில் ஜமுக்காளத்தை விரித்து, கொண்டுபோன சாம்பலைத் தூவி, எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுச் சுவிட்சைத் தட்டினார்.

மூடிய மண்டபத்தில் அந்தக் கிறீச் இன்னும் மோசமாக இருந்தது. அத்தனை கையும் காதுக்குப் போயிற்று. பிறகு ஒவ்வொரு கையாகக் கீழே இறங்கியது. மேடையில் நிற்கிற பெரிய மனுஷனை எப்படிச் சங்கடப்படுத்துவது என்ற மரியாதை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாக உட்கார்ந்தார்கள். ஒருவராவது எழுந்து "நிறுத்துங்க" என்று கத்தியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். அந்த ஒருவராக நான் ஏன் எழவில்லை என்று கேட்காதீர்கள். அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

மாசாணண்ணன் ஜமுக்காளத்தில் பாதிதூரம் போயிருப்பார். நிமிர்ந்து முதல் வரிசையைப் பார்த்தார். சென்னியப்பன் பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மாசாணண்ணனின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் மிஷின் ஒரே இடத்தில் கத்திக்கொண்டிருந்தது. அப்புறம் மீதிச் சாம்பலையும் ஒரு துளி விடாமல் உறிஞ்சி எடுத்து, சுவிட்சை அணைத்து, மறுபடி கும்பிட்டார். கைதட்டல் பலமாக இருந்தது. சென்னியப்பன் மேடையேறிச் சால்வை போட்டு, "அருமை, மாசாணம்" என்றார்.

திரும்பும்போது சூலூர் பஸ்ஸில் மிஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். ஒண்டிப்புதூர் தாண்டியதும் பின்சீட்டில் இருந்த எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஓனரு என்ன சொன்னாருன்னு தெரியுங்களா? 'காது சுத்தமாப் போயிருச்சு போல. இத்தன நாளா நம்ம தறிய எப்படிப் பாத்துட்டு இருந்தான்? யாரும் அவங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க, பாவம்'னாருங்க."

அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்றுதான் சென்னியப்பன் பேசியிருக்கிறார். மண்டபத்தில் வேறு யாருக்கும் கேட்கவும் இல்லை. வாயசைவைப் பார்த்தே காலம் தள்ளியவருக்கு முதல் வரிசை எம்மாத்திரம்? அவர் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். மாரியாத்தக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் தலையைக் குனிந்துகொண்டேன். அதிலேயே எங்களுக்கு முன்பே தெரியும் என்பது அவருக்கு விளங்கியிருக்கும். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் சென்னியப்பன் அவரைக் கூப்பிட்டு, "உங்களுக்கும் வயசாகுது, தறிப் பக்கம் நின்னு சிரமப்பட வேண்டாம். பாவுப் பக்கம் பாத்துக்குங்க" என்று பக்குவமாகச் சொல்லிவிட்டார். காதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாசாணண்ணனும் "ஆகட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அக்கா பயந்த மாதிரி ஷெட்டுக்குப் போகாமல் இருக்கவில்லை. போனார், பாவு தூக்கினார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போய்விட்டு வரும்போது வாசலில் நின்று கூப்பிட்டார். உள்ளே குன்னூர் திறந்து கிடந்தது. ஹம்சா பாய் கொடுத்த கார்பனை மாட்டிக்கொண்டிருந்தார். மூடியை முடுக்கிச் சுவிட்சைத் தட்டினார்.

கிறீச் இல்லை. மெத்தென்று ஒரு ரீங்காரம் மட்டும். அவர் ஆசைப்பட்ட அந்தப் பூனை நடை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இப்ப எப்படீங் அம்மணி?"

"சத்தமே இல்லீங்ணா. ரொம்ப நல்லா ஓடுதுங்க."

அவர் என் உதட்டையே பார்த்தார். "அன்னிக்கும் எல்லாரும் அருமைன்னுதானுங்க சொன்னாங்க."

"மாதா சத்தியமா ணா. நெசமாலுமே நின்னுபோச்சு."

"எனக்கு அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணாத்தானுங்க இருக்குது" என்றார். "நீங்க எனக்காவச் சொல்றீங்களா, நெசத்தச் சொல்றீங்களான்னு நான் எதைய வெச்சுங்க கண்டுபுடிக்கறது?"

அவர் மிஷினை அணைக்காமல், என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். அன்றைக்குக் கிறீச் கேட்டு எழுந்து ஓடிய அதே தெருநாய் அங்கே படியோரம் படுத்திருந்தது. காதைக்கூட அசைக்காமல் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்ற பிறகுதான் சுவிட்சை அணைத்தார்.