கடலுக்குப் போன மெழுகு வில்லை

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்போரூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நினைத்தால் இன்றும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில் எனக்குப் புற்றுக்கட்டி வந்து, செங்கல்பட்டில் அறுவை செய்து எடுத்திருந்தார்கள். அது திரும்ப வருமா என்பதுதான் அடுத்த கவலை. வரும்போல இருந்தால், ஆளையே புரட்டிப் போடும் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்க வேண்டும். கட்டியில் எந்தெந்த ஜீன்கள் மும்முரமாக வேலை செய்கின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்று பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம் என்றார் டாக்டர். அதற்கு, கட்டியின் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சின்ன வில்லையை ஆஸ்பத்திரியில் வாங்கிப்போய் சென்னை லேபில் கொடுக்க வேண்டும்.

அதை வாங்க நான் நடந்த நடை கொஞ்சமா? கையெழுத்துப் போடுகிறவர் இருந்தால் சாவி வைத்திருப்பவர் இருக்க மாட்டார். ஒருவழியாகச் சனிக்கிழமை கிடைத்தது. லேப் திங்கட்கிழமைதான் திறக்கும். டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தேன்.

மறுநாள் மதியம் தூங்கி எழுந்தால் டப்பாவைக் காணோம். பக்கத்து வீட்டில் இருக்கும் என் அண்ணன், மனை விற்கும் தொழில் செய்பவர், ஈர வேட்டியோடு உள்ளே வந்தார்.

"மகாபலிபுரம் கடல்ல வுட்டுட்டேன்மா. அறுத்துப் போட்ட சதைய எவனாவது வூட்ல வெச்சிகினு இருப்பானா? நீ தூங்கிகினு இருந்தியா, தலைய சுத்தி எடுத்துகினு போய்ப் போட்டு, முழுகிட்டு வரேன். இனிமே அது உன்னாண்ட திரும்பி வராது."

"திரும்பி வருமான்னு பாக்கத்தான அத வாங்கினு வந்தேன்" என்று கத்தினேன். கோபத்தில் அழுகையே வந்துவிட்டது.

"வரக்கூடாதுன்னுதான நானும் போட்டேன்" என்றார், ஒன்றும் புரியாமல்.

திங்கட்கிழமை மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் அதே படிகள். நல்லவேளையாகக் கட்டித் துணுக்கோடு இன்னொரு வில்லை இருந்தது. "இதுவும் போச்சுன்னா அவ்ளோதான்" என்று எச்சரித்துக் கொடுத்தார்கள். கூடவே வந்த அண்ணன் அதை என்னிடம்கூடத் தரவில்லை. சட்டைப் பையில் போட்டு, மின்சார ரயிலில் லேப் வரைக்கும் கையால் பொத்திக்கொண்டே வந்தார்.

லேப் முடிவைப் பார்த்துவிட்டு, திரும்ப வரும் வாய்ப்பு குறைவாகத் தெரிகிறது, மாத்திரை வேண்டாம், ஆனால் ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "நான் அப்பவே சொல்லல?" அந்த இடத்திலேயே அவரைக் கொன்றுவிடலாம் போல இருந்தது.

ஆனால் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எனக்கு முன்னால் கிளம்பி வந்து, உள்ளே நான் படுத்திருக்கும் நேரமெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பவரும் அவர்தான். என்னைவிட அதிகமாகப் பயந்து போயிருக்கும் ஒரு மனிதரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.