துப்பாக்கிக் குழலில் புளித்தண்ணீர்

கரும்புத் தோட்டத்தைப் பன்றிகள் அழிக்கின்றன என்று என் கணவர் லைசென்ஸ் எடுத்துப் புது ரைபிள் வாங்கினார். சில நாளிலேயே குறி தவறத் தொடங்கியது. தோட்டாவின் செம்பு புதுக் குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும், அம்மோனியா விட்டுத் துடைக்க வேண்டும் என்று கூட வந்த இங்கிலீஷ் காகிதத்தைப் படித்துச் சொன்னவள் நான்தான். அவரும் ஒரு புட்டி வாங்கி வந்தார்.

மூடியைத் திறந்து பார்த்தேன். கண் எரிந்தது. குழந்தை தவழும் வீட்டில் இதை எப்படி வைப்பது? செம்புதானே, குடத்துக்குப் போடும் புளியே போதாதா என்று நினைத்தேன். அவர் திருவாலங்காடு போயிருந்த பகலில் புளியைக் கரைத்துக் குழலில் ஊற்றி, துணி சுற்றிய கம்பியால் தேய்த்து வைத்தேன்.

மாலையில் அவர் குழலுக்குள் துணியை விட்டு இழுத்தபோது துரு வந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"குழாய்ல ரசம் வெச்சியா?" என்றார்.

"புட்டிய பாத்து பயந்துட்டேன் பாவா. கொழந்த கீதே."

"ஆங், எங்கிட்ட சொல்லியிருந்தா கழனிக்கு எடுத்துகினு போயிருப்பனே."

அது எனக்குத் தோன்றவே இல்லை.

எண்ணெய் விட்டுத் துருவை எடுத்தார். மறுநாள் கழனிக் கிணற்றடியில் அம்மோனியா விட்டுத் துடைத்து, செம்பு கரைந்து நீலமான துணியைக் கொண்டுவந்து காட்டினார். குழலில் ஓரிடத்தில் மட்டும் சொரசொரப்பு தங்கிவிட்டது.

"பன்னிக்கு அது தெரியாது, வுடு," என்றார்.

அந்த வாரமே ஒரு பன்றி விழுந்தது. அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.