வாப்பாவின் கேப்ரிஸ்

உம்மாவின் பீரோ கண்ணாடியில் செருகியிருந்த போட்டோதான் எனக்கு முதலில் தெரிந்த வாப்பா. பெட்டி போலச் சதுரமான, பழுப்பு நிற நீளக் கார் ஒன்றில் கை வைத்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நிற்பார். அது எங்கள் கார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். தலை சீவிவிடும்போது ஒருநாள் உம்மா, "அது எவனோ அரபிக்காரன் வண்டி. ஒங்க வாப்பா அதுல அடிபட்ட தகட்டத் தட்டி நிமித்துற டிங்கரு. வெளிய சொல்லித் திரியாத" என்றார்.

வாப்பா சவூதியில், தம்மாமில் ஒரு ஒர்க் ஷாப்பில் இருந்தார். அங்கே வந்த வண்டிகளில் பெரும்பாலானவை ஒரே கார்தான், கேப்ரிஸ். அமெரிக்காவில் செய்து கப்பலில் வருவது. விடுப்பில் ஊருக்கு வந்தால் எங்களிடம் பேச அவருக்கு வேறு விஷயம் இருக்காது. அவர் சவூதிக்குப் போவதற்கு முந்தைய கேப்ரிஸ், வள்ளம் அளவுக்கு நீளமாம். பிறகு அதைக் குறுக்கிச் சதுரமாக்கினார்கள். அந்தச் சதுரம் பல வருடம் ஓடியது. நான் வயதுக்கு வந்த வருடம் வந்தவர், அது உருண்டு திமிங்கலம் மாதிரி ஆகிவிட்டதை விரலால் தரையில் வரைந்து காட்டினார். என் நிக்காஹ்வுக்கு வந்தபோது, அமெரிக்காவில் அதை நிறுத்திவிட்டார்கள், இனி அதே பெயரில் ஆஸ்திரேலியாவிலிருந்து வருவது வேறு கார் என்று யாரோ இறந்துபோன மவுத் செய்தி சொல்வது போலச் சொன்னார். "பின்னாடி லைட்ட மட்டும் காட்டு, எந்த வருசத்து வண்டின்னு சொல்லிப்புடுறேன்" என்பார். உம்மா அடுப்படியிலிருந்தே, "எனக்கு எப்ப நரைச்சிச்சின்னு சொல்லச் சொல்லு" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

உம்மா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நெஞ்சு வலி என்று ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துபோனார். என் தம்பியும் அப்போது வாப்பாவோடு அதே ஒர்க் ஷாப்பில் இருந்தான். இருவர் பாஸ்போர்ட்டும் முதலாளியிடம், முதலாளி வெளியூரில். அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டார்கள். அடக்கம் செய்கிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை, நாங்கள் வீட்டு வாசலோடு நின்றுவிட்டோம். அதற்கு முன் வீடியோ போனில் வாப்பா, "ஒங்க உம்மா மூஞ்சியக் காட்டும்மா" என்றார். காட்டினேன். அவருக்குப் பின்னால் யாரோ தகடு தட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு அந்தப் பெயரில் கார் வருவதே நின்றுபோனது. ஒர்க் ஷாப்பில் ஆட்களைக் குறைத்தார்கள், வயதானவர்களை முதலில். வாப்பா ஊர் வந்து சேர்ந்த மறுநாள் காலையே மையவாடிக்குப் போனார். எங்கள் ஊரில் கபருக்குக் கல் வைக்கிற வழக்கமில்லை. கடலோரத்து மணலில் ஒரு மேடு, அவ்வளவுதான், அதுவும் நிலைக்காது. பள்ளிவாசல் மோதினார் கூடவே போய், "இங்கனதான் மாமா, இந்தக் கருவ மரத்துக்கு அங்கிட்டு. அதுக்கப்பறம் பக்கத்துலயே நாலஞ்சு மையத்து அடக்கியாச்சு" என்று கையை வீசிக் காட்டியிருக்கிறார். வாப்பா வெயில் ஏறிய பிறகுதான் வீட்டுக்கு வந்தார். காலில் மணலோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எல்லாம் ஒண்ணுபோலத்தான் கிடக்கு புள்ள. எதுன்னு தெரியல."

நான் அங்கே போனதே இல்லை.

அதன் பிறகு தினமும் போனார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் நின்று ஓதினார், எப்படியாவது ஒருநாள் சரியான இடத்தில் நின்றிருப்போம் என்று. கார்களைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். தெருவில் யாராவது கேட்டால், "அதெல்லாம் மறந்துபோச்சு" என்பார். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

தம்பி இன்னும் தம்மாமில்தான் இருக்கிறான், வேறொரு ஒர்க் ஷாப்பில். வாப்பாவின் அடக்கத்தை அவன் போனில்தான் பார்த்தான். மையவாடி வாசலோடு சிக்னல் அறுந்துவிட்டது. அடுத்த மாதம் விடுப்பில் வருகிறான். "லாத்தா, வாப்பாவ எந்த எடத்துல வச்சாங்கன்னு கேட்டு வையி. நான் வந்து தேடிக்கிட்டு நிக்க முடியாது" என்றான். கேட்டேன். என் வீட்டுக்காரர் கிழக்கோரம் என்கிறார். அடக்கத்தில் கூட நின்ற பக்கத்து வீட்டு மாமா, இல்லை, நடுவில் என்கிறார். மோதினாரும் இப்போது ஊரில் இல்லை.

இன்று தம்பி மறுபடி அழைத்தான்.

"கேட்டுட்டேன்ப்பா. நீ வா, காட்டுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.