பார்லிச் சட்டிக்கு உப்பு

மாட்டிறைச்சி எங்கள் வீட்டில் யாரும் தொட்டதில்லை. நான் மட்டும் வாரத்தில் ஆறு நாள் தொடுகிறேன், வயிற்றுப்பாட்டுக்காக. தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவள் நான். ஆறாவதோடு பள்ளியை விட்டவளுக்கு யார் வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்? ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றில் கஃபே நடத்தும் மலாய்க்காரப் பெண்தான் கூப்பிட்டாள். எல்லோரும் அவளைப் புவான் என்போம், மேடம் மாதிரி. என்னை அவள் மக்சிக் என்பாள், அத்தை மாதிரி.

அவள் குளிர் நாட்டில் படித்துவிட்டு வந்தவள். அங்கே சாப்பிட்டுப் பழகிய பண்டம் ஒன்றை இங்கே விற்க ஆசைப்பட்டாள். மாட்டுக் கால் இறைச்சியும் பார்லியும் கனத்த சட்டியில் மூடிபோட்டு, ஓவனில் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் மெல்ல வேக வேண்டும். பார்லி என்றால் எனக்கு உடம்புச் சூட்டுக்குக் காய்ச்சிக் குடிக்கிற தண்ணீர்தான். அதை இறைச்சியோடு போடுவார்கள் என்று அதுவரை கேள்விப்பட்டதுகூட இல்லை.

"நான் சாப்பிட மாட்டேனே புவான், உப்பு எப்படிப் பார்ப்பேன்?" என்று முதல் நாளே கேட்டேன். கவலைப்படாதே, இவள் பார்த்துச் சொல்வாள் என்று இன்னொருத்தியைக் காட்டினாள்.

அவள் காய் நறுக்குகிறவள், தமிழ் முஸ்லிம் பெண். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் வீடு. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். வந்த அன்றே அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். தைப்பூசத்துக்கு நான் விரதம் இருந்த நாட்களில் இறைச்சியைக் கழுவி, வெட்டி, சட்டியில் போடுவது வரைக்கும் அவளே செய்தாள். "நீங்க தள்ளி நில்லுங்கக்கா, தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போற கை" என்பாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று நினைத்தேன்.

சமையலில் நாக்கு இல்லாமல் செய்யக்கூடிய எல்லாவற்றையும் நான் பழகிக்கொண்டேன். இறைச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வறுக்க வேண்டும். மொத்தமாகப் போட்டால் தண்ணீர் விட்டு வெந்துபோகும், சிவக்காது. பச்சை வாடை போய் வறுத்த மணம் வருவது மூக்குக்கே தெரியும். பார்லியை விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கக் கூடாது. அது தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், அதனால் நடுநடுவே மூடியைத் திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். இதெல்லாம் வந்துவிட்டது. உப்பு மட்டும் அவள் கையில்.

கரண்டியில் கொஞ்சம் எடுத்து நீட்டுவேன்.

"உப்பு பாத்துச் சொல்லும்மா."

வாங்கிக்கொண்டு பின்வாசல் குழாயடிக்குப் போவாள், சூடாக இருக்கிறது, காற்றில் ஊதிக்கொள்கிறேன் என்று. திரும்பி வந்து, "சரியா இருக்குக்கா."

"கம்மி இல்லையே?"

"இல்லக்கா."

"கூட?"

"ஐயோ அக்கா, பொண்ணு பாக்க வர்ற வீட்டுலகூட இத்தனை கேள்வி கேக்க மாட்டாங்க, லா!"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் அவள் வாயால் "சரி" வந்தால்தான் சட்டிக்கு மூடி போடுவேன். பஸ் வருமா, கேஸை மூடினேனா, பையனுக்குக் காய்ச்சலா என்று நாள் முழுக்க பயப்படுகிறவள் நான். அந்த ஒரு "சரி"தான் அன்றன்றைக்கு நிச்சயமாகக் கிடைக்கிற ஒன்று.

இன்னொன்றும் கவனித்திருந்தேன். குழாயடியில் கரண்டியை உடனே கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவாள். மாட்டுக்கறி எச்சில் பட்ட கரண்டி என் பக்கத்தில் கிடக்க வேண்டாம் என்று நினைக்கிறாள் போல என்று எடுத்துக்கொண்டேன். அதை வீட்டில் என் கணவரிடம்கூடப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு நாள், மத்தியானக் கூட்டத்தில் தட்டுகள் திரும்பி வந்தன. முதலில் ஒன்று, அப்புறம் ஒரு மேசையே. புவான் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். டிஷ்யூவில் துப்பினாள். சட்டியில் போடும் சூப்புத் தூளை அன்று வேறு பாக்கெட்டிலிருந்து டப்பாவில் கொட்டியது அவளேதான், அதில் உப்பு அதிகமாக இருக்கும் என்று அவளே சொன்னாள். "ஆனால் அதற்குத்தானே ருசி பார்க்கச் சொல்கிறேன்? இன்று யார் பார்த்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் காய் நறுக்குகிறவள் சொன்னாள். "மக்சிக் இன்னைக்கு என்கிட்ட குடுக்கல, புவான்." மலாயில், தண்ணீர் குடிப்பதுபோல.

நானா கொடுக்கவில்லை? கேட்டுக் கேட்டே எல்லோரிடமும் கிண்டல் வாங்கும் நானா? மலாயில் காய் வாங்குவேன், வழி கேட்பேன். கோபமாக ஒரு வார்த்தை பேச எனக்கு அந்த மொழி போதாது. திரும்பி வந்த தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். புவான் அதைத் தப்பு செய்தவளின் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டிருப்பாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் சட்டியை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றாள். கத்தாமல்தான் சொன்னாள்.

கூட்டம் குறைந்ததும் காய் நறுக்குகிறவளைக் குழாயடியில் பிடித்தேன்.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "டாக்டர் என்னை மாட்டுக்கறி சாப்பிடக் கூடாதுன்னுட்டாருக்கா. கால் எப்படி வீங்குதுன்னு பாத்தீங்கல்ல? நோன்புப் பெருநாள் முடிஞ்சதிலேருந்தே நான் வாய்ல வைக்கிறதில்ல."

"அப்ப கரண்டி?"

கண்ணால் சாக்கடையைக் காட்டினாள்.

"தினமுமா?"

"சொன்னா நீங்க பயந்து சட்டியையே தொட மாட்டீங்க. அதான் சொல்லல."

"சரி, புவான்கிட்ட ஏன் என்னை மாட்டிவிட்ட?"

"வேற என்னக்கா சொல்றது? ருசி பாக்காம பொய் சொன்னேன்னு தெரிஞ்சா என்னை அனுப்பிருவாங்க. உங்களை அனுப்ப மாட்டாங்க, உங்க கை அப்படி. இத்தனை மாசம் யாருமே ருசி பாக்காம நல்லாத்தானே இருந்துச்சு? அது உங்க திறமைதானே?"

என்னைத் தேற்றுகிறாளாம். ஒருவேளை அவள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கரண்டிதான். மரியாதை என்று நான் வீட்டுக்கு எடுத்துப் போன அந்தக் கழுவல். வாசலில் நின்று ஊதி, கொட்டி, அலசி, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து "சரியா இருக்குக்கா" என்ற அத்தனை காலைப் பொழுதும். நான் நிம்மதியாக மூச்சு விட்டதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

புவானிடம் போய்ச் சொல்லவில்லை. பெரிய மனசு ஒன்றும் இல்லை. மறுநாளே சொல்லலாம் என்று பஸ்ஸில் மலாய் வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே போனேன். உள்ளே போனதும், இப்போது சொன்னால் பழியை மாற்றுகிறேன் என்பாளே என்ற பயம் வந்தது. அன்று சொல்லாதது அப்புறம் சொல்ல முடியாததாகவே ஆகிவிட்டது.

அவள் இன்னும் எனக்கு எதிர் மேசையில் காரட் நறுக்குகிறாள். அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். நானும் "ம்" என்கிறேன். முன்பு அவளிடம் கேட்ட கேள்விகளை இப்போது யாரிடமும் கேட்பதில்லை. ருசி பார்க்கப் புவானே வருகிறாள். கரண்டியை வாயில் வைத்ததும், "ஓகே மக்சிக், பாகுஸ்" என்று கட்டைவிரலைக் காட்டுகிறாள்.

நான் விரலைப் பார்ப்பதில்லை. அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அது ஏறி இறங்கிய பிறகுதான் சட்டிக்கு மூடி போடுகிறேன்.