லாரி முதலாளிக்கு ஒரு சைக்கிள்

1. வெற்றிலைக்குப் போன லாரி

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசில் புக்கிங் கிளார்க்காக நான் சேர்ந்த முதல் நாள், முதலாளி வெற்றிலை வாங்க லாரியில் போனார். கடை அதே தெருவின் முனையில்தான் இருந்தது. அங்கே வண்டியைத் திருப்ப இடமில்லை. கிளீனர் பின்னால் நின்று "ரைட்டு, ரைட்டு, வரட்டும்" என்று கத்த, தெருவே ஒதுங்கி வழிவிட, ரிவர்ஸிலேயே திரும்பி வந்தார். நான் நடந்து போயிருந்தால் அதற்குள் வெற்றிலையை மென்று துப்பியிருப்பேன். முதல் நாள் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. முதலாளி பெயர் செல்லப்பன். சின்ன வயதில் கிளீனராக ஏறி, டிரைவராகி, சொந்தமாக மூன்று லாரி வாங்கியவர். லாரிகள் லோடுக்குப் போய்விட்டால் அவருக்குக் கார். வீடு கூப்பிடு தூரம். மதியச் சாப்பாட்டுக்கும் காரில்தான் போவார்.

நான் பக்கத்து ஊரிலிருந்து சைக்கிளில் வருகிறவன். "ஏப்பா ராசு, லாரி ஆபீஸ்ல வேலை பாத்துக்கிட்டு சைக்கிள்ல வாரியே, எனக்கில்ல மானம் போவுது?" என்பார். என் சைக்கிளை வாசலில் நிறுத்தவே விடமாட்டார். கிழிந்த தார்ப்பாய்களுக்குப் பின்னால்தான் அதற்கு இடம்.

2. டாக்டர் போட்ட பிரேக்

முதலாளி காலில் ஒரு சின்னப் புண் வந்து ஆறவே இல்லை. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் போனோம். சர்க்கரை என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "புண்ணு ஆறினதும் பக்கத்துல போற எடத்துக்கெல்லாம் நடந்து போங்க, இல்ல சைக்கிள்ல போங்க. இப்படியே உக்காந்திருந்தா, நாளைக்குக் கிளட்ச் மிதிக்கக் கால் இருக்காது" என்றார்.

புண் ஆறியது. நடை மட்டும் வரவில்லை. ஒருநாள் காலை முதலாளியம்மா ஆபீசுக்கே வந்துவிட்டார். நடந்துதான் வந்தார்.

"தம்பி, உங்களாட்டமே இவரையும் சைக்கிள்ல போவ வெச்சுருங்க. சரோஜா கண்ணாலத்துல இவரு ரெண்டு காலோட நிக்கோணும்."

மகள் சரோஜாவுக்கு அப்போது சேந்தமங்கலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். நிச்சயம் செய்வது ஒன்றுதான் பாக்கி.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "சைக்கிள்ல போனா, வண்டிய ஃபைனான்ஸ்காரன் தூக்கிட்டான்னு ஊரே பேசும்."

அவர் பயந்தது பொய்யில்லை. அந்தக் காலத்தில் எங்கள் லாரிக்காரர்கள் யாராவது தெருவில் நடந்து போனால், வண்டி பறிபோய்விட்டது என்றுதான் ஊர் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பயந்தே பலர் டீ குடிக்கக்கூட எஞ்சினைக் கிளப்பினார்கள்.

"மகளத் தாரை வாக்கறப்ப நாக்காலியில உக்காந்திருந்தா மட்டும் ஊரு சும்மா இருக்குமாக்கும்?" என்றார் அம்மா. முதலாளி என் பக்கம் திரும்பி, "எப்ப ஆரம்பிக்கலாம்?" என்றார்.

3. கியர் இல்லாத வண்டி

மலை ரோட்டில் லோடு லாரியைக் கொண்டை ஊசி வளைவில் ஒற்றைக் கையால் திருப்புகிற மனிதர் அவர். சைக்கிள் மட்டும் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளவே நேரமில்லாமல் லாரியில் ஏறிவிட்டார்.

விடியற்காலையில் சந்தை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். வாடகை சைக்கிளைச் சுற்றி ஒரு முறை நடந்து, டயரை உதைத்துப் பார்த்துவிட்டு ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் லாரியைப் போலவே அகலமாக எடுத்து வேலிக்குள் போய்விட்டார். "ரிவர்ஸ் இல்லாத வண்டிய எவன்டா கண்டுபிடிச்சான்?" என்று வேலிக்குள்ளிருந்து கத்தினார். நான் பின்னால் ஓடிக்கொண்டே "ரைட்டு, ரைட்டு" என்று சொன்னால்தான் தைரியமாக மிதித்தார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

ஒருவழியாக, சொந்தமாக ஒரு சைக்கிள் வாங்கி, அவரே தனியாக பெல் அடித்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் வந்து இறங்கினார். வழியெல்லாம் நின்று நின்று பேசிவிட்டு வந்திருக்கிறார். "கார்ல போனப்ப இந்தத் தெருவுல இத்தனை பேரு இருக்கறாங்கன்னே தெரியலப்பா" என்றார். அன்றைக்கு என் சைக்கிளும் தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து வாசலுக்கு வந்தது.

4. சர்க்கரை இல்லாத டீ

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. முதலில், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எந்த வண்டியப் புடிச்சாங்க?" என்று கேட்டார். அடுத்து, எங்கள் டிரைவர் ஒருவரின் மச்சான் வந்து, அந்த டிரைவரை வேறு வண்டியில் வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லட்டுமா என்றார். கடைசியில் கல்யாணத் தரகர் வந்தார்.

"மாப்பிள்ளை ஊட்டுல கொஞ்சம் யோசிக்கறாங்க. மூணு வண்டியும் போயிருச்சுன்னு கேள்விப்பட்டாங்களாம்."

முதலாளி முகம் செத்துவிட்டது. "ராசு, ஊட்டுக்குப் போயி காரை எடுத்தாரச் சொல்லு. என் கால் போனாப் போவட்டும், புள்ள வாழ்க்கை போவக்கூடாது" என்றார்.

நான் வாசலைத் தாண்டுவதற்குள் சேந்தமங்கலத்திலிருந்து சம்பந்தியாகப் போகிறவரே வந்துவிட்டார். சொல்லாமல் கொள்ளாமல் நேரில் பார்க்க வந்திருக்கிறார். நேரமும் பார்த்து அமைந்தது. மூன்று லாரியும் வடக்கே லோடுக்குப் போயிருந்தன, ஷெட் காலி. வாசலில் இரண்டு சைக்கிள்.

"வண்டியெல்லாம் எங்கீங்க?"

"மூணும் லோடுல போயிருக்குதுங்க."

"அப்படீங்களா" என்றார். நம்பாத குரல் அது.

டீக்காரர் வந்தார். முதலாளி பழக்கத்தில், "எனக்குச் சக்கரை போடாம" என்றார். சம்பந்தி டீக்காரரைப் பக்கத்தில் கூப்பிட்டார். பிறகு மெதுவாக, "எனக்கும் அதே மாதிரி குடுங்க" என்றார்.

முதலாளி நிமிர்ந்தார். "ஏனுங்க, உங்களுக்குமா?"

"ஆமாங்க. டாக்டர் நடக்கச் சொன்னாரு. ரோட்டுல நடந்தா, தோட்டத்த வித்துட்டான்னு பேசுவாங்கன்னு பயந்து, கெணத்தச் சுத்தியே நடக்கறனுங்க. தலை கிறுகிறுங்குது."

முதலாளி சிரித்த சிரிப்பில் டீ சட்டை மேலெல்லாம் சிந்தியது. "நானும் அதுக்குத்தானுங்க சைக்கிள் மிதிக்கறேன்" என்று காலைத் தூக்கி ஆறிய தழும்பைக் காட்டினார். சம்பந்தி எழுந்து போய் சைக்கிள் பெல்லை ஒரு முறை அடித்துப் பார்த்தார்.

"இதக் கத்துக்க ரொம்ப நாளாகுமுங்களா?"

"லாரி ஓட்டத் தெரியுமுங்களா உங்களுக்கு?"

"தெரியாதுங்க."

"அப்பச் சீக்கிரமா வந்துரும்" என்றார் முதலாளி.

5. கார் வந்த நாள்

கல்யாணத்தில் முதலாளி இரண்டு காலிலும் நின்று தாரை வார்த்தார். முதலாளியம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ரீட்ரெடிங் கடைக்காரர் ஒரு சைக்கிள் வாங்கினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வாங்கினார்கள். எண்பதுகளில் எங்கள் தெருவில் லாரி ஆபீஸ் வாசல்தோறும் சைக்கிள் நின்றது. வெற்றிலைக்கு யாரும் எஞ்சினைக் கிளப்பவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஊர் எப்படியும் பேசும். பக்கத்துக் கடைக்கு நடந்தே போய்விட்டு வந்து, அதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படிச் சைக்கிளே வழக்கமாகிவிட்ட பிறகு ஒருநாள் அடைமழை. முதலாளி காரில் வந்து இறங்கினார். சற்று நேரத்தில் ரீட்ரெடிங் கடைக்காரர் குடை பிடித்துக்கொண்டு ஓடி வந்து, என் காதருகே கேட்டார்:

"ஏனுங்க ராசு, மொதலாளிக்கு ஒடம்பு ஏதும் சரியில்லீங்களா? கார்ல போறாருன்னு பேசிக்கிறாங்க."