முச்சந்தி வரைக்கும் தெரிந்த பாட்டு

நாகரசம்பட்டிச் செல்வம்மாளுக்குக் கதைப் புத்தகம் என்றாலே ஆகாது. வாழ்க்கைப்பட்டதோ கதை எழுதுகிறவருக்கு. எந்த ஜோசியர் பார்த்த பொருத்தமோ தெரியாது, முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அவள் புருஷன் நாராயணப்பன் போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்த்தார். காலையில் கம்பெனி பஸ் ஏறுவார். திரும்பி வந்தால் மாந்தோப்புக்குத் தண்ணீர் கட்டுவார். கையைக் கழுவிவிட்டு எழுத உட்கார்ந்துவிடுவார். எழுதியது அத்தனையும் மாயக் கதை. ஒரு கருங்கல் மலை, அதன் வயிற்றுக்குள் ஒரு ஊர், அந்த ஊருக்குக் காவலாக வேங்கன் என்று ஒரு குள்ள மனுஷன். வெளியே குவாரிக்காரர்கள் வெடி வைக்க வைக்க, உள்ளே இருக்கிறவர்கள் இன்னும் ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள். ‘கல்லுக்குள் ஊர்’ என்று பெயர் வைத்தார். சேலத்துப் பதிப்பகம் ஒன்று அதை ஐந்து பாகமாகப் போட்டது. கம்பெனி பஸ்ஸில் ஓசூர் வரை போகிற பையன்கள் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்துப் படித்தார்கள்.

செல்வம்மாளுக்குத் தெரிந்ததெல்லாம் மாடு, பால் சொசைட்டி, மாங்காய் விலை. ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள்.

“அந்தக் கல்லுக்குள்ள மாடு கீதா?”

“இல்ல.”

“அப்பறம் காப்பித் தண்ணிக்கு என்னா பண்ணுவாங்க?”

அடுத்த பாகத்தில் கல்லுக்குள் ஒரு மாடு வந்தது. படித்தவர்கள் எல்லாருக்கும் அந்த மாட்டைப் பிடித்தது. மாட்டைக் கொடுத்தவளுக்கு மட்டும் விஷயம் தெரியாது. படித்தால்தானே தெரியும்?

ஐந்தாம் பாகத்தோடு போதும் என்று நாராயணப்பனுக்குத் தோன்றியது. வேங்கனுக்கு வயதாகிவிட்டது. அவன் காவலை இளையவர்களிடம் விட்டுவிட்டு, மலைக்குள் ஓடும் வெள்ளாற்றின் வழியே தனியாகப் போகிறான். போகிறபோது ஒரு பாட்டுச் சொல்லிவிட்டுப் போகிறான். அதுதான் கடைசிப் பக்கம். எழுதி முடித்ததும் மனுஷனுக்கு நிலைகொள்ளவில்லை. பால் கறந்துகொண்டிருந்த பெண்டாட்டியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு முதல் நாலு வரியைப் படித்தார்.

விளக்கை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், போகிறேன்;
வெயில் இறங்கிவிட்டது, போகிறேன்;
கைக்கோலைக் கதவோரம் சாய்த்துவிட்டேன், போகிறேன்;
காத்திருக்க வேண்டாம், போகிறேன்.

செல்வம்மாள் மாட்டின் மடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“வெளக்கு வெக்கற நேரத்துல என்னா பேச்சு இது? போயிட்டு வரேன்னு எழுத வராதா உங்களுக்கு? போறேன் போறேன்னு ஒரு பாட்டா? வாயைக் கழுவிக்கினு வாங்க, போங்க!”

மீதிப் பாட்டை அவர் படிக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பால் கடைக்குக் கிளம்புகிறவன்கூட ‘வரேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிற ஊரில், அவள் கோபப்பட்டது தப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

பாட்டு புத்தகத்தோடு நின்றிருந்தால் வம்பில்லை. போச்சம்பள்ளியில் பிரேம்குமார் என்று ஒருவன், ஷிப்ட் வேலை போக மீதி நேரத்தில் இன்னிசைக் குழு நடத்துகிறவன், அதற்கு மெட்டுப் போட்டு ஒரு சூப்பர்வைசரின் பணி ஓய்வு விழாவில் பாடினான். மேடையில் ‘போகிறேன்’ என்று பாடினால் பொன்னாடையைத் தூக்கி மூஞ்சியில் எறிவார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே ‘போய் வருகிறேன்’ ஆக்கினான். ‘காத்திருக்க வேண்டாம்’ என்பதைக் ‘காத்திருங்கள்’ என்று திருப்பிப்போட்டான். சூப்பர்வைசர் அழுதார், அவர் பெண்டாட்டி அழுதாள், பிரேம்குமாருக்கு அடுத்த விழாவுக்கு அட்வான்ஸ் வந்தது. பிறகு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் கடைசி நாளில் பாடினார்கள். ஓசூரில் யாரோ அதைக் கன்னடத்தில் கட்டி, கேண்டீனில் தட்டைத் தட்டிப் பாடினார்களாம். ஓய்வு விழாப் பாட்டை நாராயணப்பன் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். வீட்டுக்கு வந்து, “நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது போற மனுசன் பாடற பாட்டு இல்ல” என்றார்.

போகிற மனுஷனின் பாட்டாக அதைப் பாடியவன் மதுரைவீரன். கம்பெனியில் லோடு இறக்குகிறவன். ஊரில் சாவு விழுந்தால் மேளக்காரர்களோடு முன்னால் நின்று பாடுகிறவனும் அவனே. நாராயணப்பன் எழுதுவதற்கு முன்பே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேங்கன் கதையை அவனிடம்தான் சொல்லிப் பார்ப்பார். தன் தாய் மாரம்மா இறந்தபோது அவனுக்கு வழக்கமான ஒப்பாரி எதுவும் வாயில் வரவில்லை. இந்தப் பாட்டு வந்தது. செத்தவர்களைப் பார்த்துப் போய்விட்டு வா என்று யாரும் சொல்வதில்லை. அதனால் ‘போகிறேன்’ என்று, எழுதினது எழுதினபடியே பாடினான். வரிக்கு வரி மேளத்தை நிறுத்தி, மூச்சு விட்டு, மெதுவாகப் பாடினான்.

அதற்குப் பிறகு சுற்றுப்பட்டில் எந்தச் சாவு என்றாலும் அந்தப் பாட்டுத்தான் வேண்டும் என்றார்கள். பாடையை எடுக்கும்போது ஆரம்பிப்பான். முச்சந்தியில் பாடையை இறக்கித் திசை மாற்றி வைக்கிற இடத்தில் ‘காத்திருக்க வேண்டாம், போகிறேன்’ வந்து முதல் பாதி முடியும். பெண்கள் அங்கேதான் திரும்புவார்கள். மீதிப் பாதி, ஆண்களோடு சுடுகாட்டுக்குப் போகும்.

ஒரு பாட்டுச் சாவுக்குப் போய்வந்துவிட்டால் அப்புறம் அதை வீட்டுக்குள் யார் விடுவார்கள்? பள்ளிக்கூடத்தில் நிறுத்தினார்கள். கம்பெனியில் நிறுத்தினார்கள். பிரேம்குமார், “அந்தப் பாட்டை எடுத்தா கல்யாண ஆர்டர் வராதுங்க” என்று கைகழுவினான். குழந்தை அதை முனகினால்கூட முதுகில் ஒன்று வைத்தார்கள்.

இதெல்லாம் நடந்த வருஷத்தில் நாராயணப்பனுக்குத் தொண்டையில் கட்டி வந்திருந்தது. பெங்களூருக்கும் வீட்டுக்குமாக அலைச்சல்; எந்தச் சாவுக்கும் அவரால் போக முடியவில்லை. கட்டியைக் கரைக்கக் கரண்ட் வைத்ததில் குரல் போய்விட்டது. காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் அவர் பேசுவது கேட்கும். கடைசியில் டாக்டர், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று செல்வம்மாளுக்குப் புரிந்தது. புரியாதவள் மாதிரி, “கம்பங்கூழு குடுக்கலாங்களா?” என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்தவருக்கு ஒரே ஒரு ஆசை. மதுரைவீரன் பாடுவதை ஒரு தரம் கேட்க வேண்டும். நோயாளியை யார் சாவு வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள்? ஓசூரிலிருந்து வந்த மகன் ஹரீஷ்குமார் செல்போனில் யாரோ எடுத்த வீடியோவைத் தேடிப் போட்டான். பட்டாசுச் சத்தம்தான் கேட்டது. பெண்டாட்டியைக் கூப்பிட்டு, “மதுரவீரனை வரச்சொல்லு” என்று காற்றாகச் சொன்னார்.

“நல்லாயி எந்திரிங்க. தோப்புல கட்டிலைப் போட்டு ஊரையே கூட்டிப் பாடச் சொல்றேன்.”

“நல்லாவ மாட்டேன், செல்வம்மா.”

“அந்தப் பேச்சே வேணாம்.”

அவர் ஒரு வாரம் கேட்டார், பிறகு கேட்பதை விட்டுவிட்டார். அவளுக்கு அதுவே நிம்மதியாக இருந்தது. பாட்டு வீட்டுக்குள் வராத வரைக்கும் எமனும் வெளியே நிற்பான் என்று ஒரு கணக்கு அவளுக்கு. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் அவள் வேளாவேளைக்கு மாடு கறந்தாள், கூழ் கரைத்தாள்.

மாங்காய் இறக்குகிற சமயத்தில் கீழ்த் தெரு வெங்கடம்மாள் இறந்துபோனாள். சுடுகாட்டுக்கு வழி செல்வம்மாள் வீட்டு முன்னால்தான். மேளம் தூரத்தில் கேட்டதுமே அவள் வாசல் கதவைச் சாத்தினாள், ஜன்னல்களைச் சாத்தினாள், டிவியைச் சத்தமாக வைத்தாள். நோய்க்காரர் இருக்கிற வீட்டில் எல்லாரும் செய்கிற காரியம்தான். கட்டிலில் கிடந்தவர் தலையைத் தூக்கினார். டம்ளரை எடுத்துக் கட்டில் காலில் டங்கு டங்கென்று தட்டினார். கதவைக் கை காட்டினார்.

செல்வம்மாள் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். டிவியில் யாரோ சோப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் மதுரைவீரனின் குரல் வந்து, வாசலைத் தாண்டி, முச்சந்திப் பக்கம் போனது. அவளுக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. டம்ளர் சத்தம் நின்றதும் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சாயங்காலம் கூழை வாயருகே கொண்டுபோனபோது உதட்டைத் திறக்கவில்லை.

அவள் எத்தனையோ பேருடைய கோபத்தைப் பார்த்தவள். இது கோபம் இல்லை. கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் கையை மடக்கிக்கொள்கிற குழந்தையின் முகம் அது. செல்வம்மாளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

மாங்காய்க் காலத்தில் மதுரைவீரன் மாங்கூழ் பாக்டரிக்கும் லோடு இறக்கப் போவான். மறுநாள் அந்த பாக்டரி கேட்டில் போய் நின்றாள். மாங்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவன் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தான்.

“அக்கா, அண்ணன் எப்பிடி கீறாரு?”

“நீ வந்து ஒருக்கா பாடணும், வீரா. அவரு கேக்கணும்னு கெடக்கறாரு.”

அவன் ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

“வேற என்னா வேணாலும் சொல்லுக்கா, செய்யறேன். எங்கம்மாவைத் தூக்கிக்கினு போவும்போது பாடுன பாட்டு. அதை உசுரோட கீற மனுசன் தலைமாட்டுல நின்னு பாடுனா என் வாய் வெந்து பூடும். அதுவும் அவருக்கா? அவரு போட்ட பாட்டுக்கா அது!”

“அவருதான் கேக்கறாரு.”

“கேப்பாருக்கா. என்னால ஆவாது.” அழுதுவிட்டான். அவனைக் குறை சொல்லி என்ன? நேற்று வரை அவளே சொன்ன பேச்சுத்தானே அது.

வீட்டுக்கு வந்தாள். ஹரீஷின் பெண்டாட்டி சுசித்ரா அடுப்படியில் இருந்தாள். “நீ போயி மாட்டைப் பாரும்மா” என்று அனுப்பிவிட்டு, வாசல் கதவையும் ஜன்னல்களையும் அகலத் திறந்துவைத்தாள். மத்தியான வெயில் கட்டில் வரைக்கும் வந்தது. தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“வீரன் வர மாட்டான்னுட்டான். நான் பாடறேன். சிரிக்கக் கூடாது.”

நாராயணப்பன் திரும்பிப் பார்த்தார். பிள்ளையைத் தாலாட்டியதைத் தவிர அவள் பாடி அவர் கேட்டதே இல்லை.

செல்வம்மாள் ஆரம்பித்தாள். சொந்தச் சனத்துச் சாவுகளில் கேட்டுப் பழகிப்போன மெட்டு. அவளுக்கே தெரியாமல் உள்ளே இறங்கியிருந்தது. குரல் கரகரத்தது, சுருதி எங்கோ போனது. வரிக்கு வரி மேளம் அடிக்கிற இடத்தில் அவர் கையை மெல்லத் தட்டினாள். விளக்கைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். வெயில் இறங்கியதைச் சொன்னாள். எந்த வார்த்தைக்கு வாயைக் கழுவச் சொன்னாளோ அந்த வார்த்தையை, ஒன்றையும் மாற்றாமல், ஒவ்வொரு வரியிலும் சொன்னாள். ‘போகிறேன்’ என்று அவருக்காக அவள் சொல்லச் சொல்ல, அவர் கண் ஓரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. முகம் மட்டும் நல்ல தூக்கத்திலிருந்து எழுந்தவர் முகம் மாதிரி தெளிந்திருந்தது.

‘காத்திருக்க வேண்டாம், போகிறேன்.’

அத்தோடு நிறுத்திவிட்டாள். அவர் இன்னும் காத்திருந்தார். கையை அசைத்து, மேலே, என்றார்.

“இதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க” என்றாள் செல்வம்மாள். “நாங்கதான் முச்சந்தியிலயே திரும்பிடறமே.”

நாராயணப்பன் அவளையே பார்த்தார். பிறகு அவள் தலையைத் தன் பக்கம் இழுத்தார். அவள் காதைக் கொண்டுபோனாள்.

“அது போதும். மீதியை நான் பாத்துக்கறேன்” என்றார்.

அன்று சாயங்காலம் கூழ் குடித்தார். தோப்பில் கடைசி மாங்காய் இறங்குவதற்குள் போய்விட்டார்.

மதுரைவீரன் பாடினான். மேளக்காரர்கள் அவனுக்காக நின்று நின்று அடித்தார்கள். முச்சந்தியில் பாடையை இறக்கித் திருப்பி வைத்தார்கள். முதல் பாதி முடிந்தது. பெண்கள் திரும்பினார்கள். அவன் மேளத்தை நிறுத்தி, “அக்கா, உனக்காவ மீதியும் இங்கியே பாடிட்டுப் போறேன்” என்றான்.

“வேணாம். தூக்குங்க, வெயிலேறுது” என்று சொல்லிவிட்டுச் செல்வம்மாள் திரும்பி நடந்தாள்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் சுசித்ரா ஐந்தாம் பாகத்தை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்கு வந்தாள். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்திருந்தாள்.

“அத்தே, மாமா பாட்டு முழுசும் இதுல கீது. மீதியைப் படிச்சுக் காட்டட்டுமா? நல்லாருக்குது அத்தே.”

செல்வம்மாள் பால் கேனைக் கவிழ்த்து வைத்தாள்.

“எடுத்த எடத்துலயே வெச்சிரும்மா. அதை அவரு பாத்துக்கறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நானும் அங்க போற அன்னிக்கிக் கேட்டுக்கறேன்.”